கேழ்வரகுத் தாளில் நழுவிய முன்சக்கரம்: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மார்கழி விபத்து

விழுந்தது நான்தான். இதில் வரும் வேகமும் நேரமும் என் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த பதிவிலிருந்து எடுத்தவை. தூரங்கள், பிறகு அதே இடத்துக்குப் போய் எட்டு வைத்து அளந்தவை. ஒரு சைக்கிள் விழுந்ததற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஒன்பது வருடமாக அதே ரோட்டில் வேலைக்குப் போய்வருகிறேன். ஐப்பசி மழையில்கூட விழுந்ததில்லை. ஒரு சொட்டு மழை இல்லாத காலையில் ஏன் விழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி சைக்கிளில் ஏற எனக்கு மனம் வரவில்லை.

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே பிரிகிற ஒரு கிராமச் சாலை. காலை 6.20. சூரியன் வர இன்னும் கால் மணி நேரம் ஆகும். இரவெல்லாம் வானம் தெளிவாக இருந்து, காற்றும் அடங்கி, விடியும்போது மூடுபனி இறங்கியிருந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி எல்லாம் மேட்டுநிலம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கிருஷ்ணகிரி நகரம் 500 மீட்டர் அளவில்தான். இராயக்கோட்டை வழியாகக் கீழிருந்து ஏறி வருகிறவர்களுக்குக் குளிர் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று உடம்பே சொல்லிவிடும். தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்வது சும்மா இல்லை. மார்கழி, தை இரவுகளில் இங்கே 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம்.

சாலையில் முதல் பாதி காட்டு ஓரம். கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வந்துவிடும். இரவு முழுக்கப் பரண்மேல் ஆட்கள் காவல் இருப்பார்கள். அதனால் காட்டு ஓரத்தை நான் எப்போதும் மெதுவாக, காதைத் தீட்டிக்கொண்டுதான் கடப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் கடந்தேன். பதிவைப் பார்த்தால் அந்த இரண்டு கிலோமீட்டரில் வேகம் மணிக்கு 14, 15 கிலோமீட்டர்தான். காடு முடிந்து வயல் தொடங்கியதும் 26க்கு ஏறியிருக்கிறது. யானைப் பயம் விட்டது, ஷிப்டுக்கு நேரமாகிறது, கால் தானாக அழுத்திவிட்டது. இந்த இடத்தை ஆய்வில் முக்கியமாகக் குறித்துக்கொண்டேன். ஆபத்து முடிந்தது என்று மனம் நினைத்த இடத்தில்தான் அடுத்தது காத்திருந்தது.

ஏரிக்கரையை ஒட்டி ரோடு இடது பக்கம் வளைகிறது. ஏரிப் பக்கம் பனி இன்னும் அடர்த்தி. ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் தெரியவில்லை. வளைவுக்குள் சைக்கிளைச் சாய்த்த பிறகுதான் முன்னால் ரோடு வேறு நிறத்தில் இருப்பது தெரிந்தது. பழுப்பா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். முன்சக்கரம் வலது பக்கம் ஓடிவிட்டது. அவ்வளவுதான் நினைவு. அடுத்து இடது தோள் தரையில் இருந்தது, வாயில் வைக்கோல் வாசம்.

பக்கத்து வயலிலிருந்து ஒரு அக்கா ஓடி வந்தார். என் கையைத் தொடாமல் முதுகைத் தாங்கி உட்கார வைத்தார். "கை தூக்காத சார், தூக்காத" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இடது காறை எலும்பு முறிந்திருந்தது. சைக்கிளில் விழுகிறவர்கள் அதிகம் உடைத்துக்கொள்கிற எலும்பு அது. ஆறு வாரம் தூளிக்கட்டில் கை. ஹெல்மெட் ஓரத்தில் கீறல் விழுந்திருந்தது; தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரோட்டில் இருந்தது கேழ்வரகுத் தாள். கார்த்திகை, மார்கழியில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எந்தக் கிராமச் சாலையில் போனாலும் இதைப் பார்க்கலாம். அறுத்த கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் டிராக்டரும் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும். பிறகு தாளை உதறித் தள்ளி, மணியைக் கூட்டித் தூற்றி மூட்டை கட்டுவார்கள். தையில் கொள்ளுச் செடியும் இப்படித்தான் ரோட்டுக்கு வரும். சாயங்காலம் மணியை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். தாள் அப்படியே ரோட்டில் இரவு கிடக்கும். அதன்மேல் பனி பெய்யும்.

பனி பெய்யும் என்கிறோமே தவிர, அது மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் தரையும் புல்லும் தாளும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அவற்றைத் தொடுகிற காற்றிலுள்ள ஈரம் அங்கேயே நீராகப் படிகிறது. மெல்லிய பொருள் சீக்கிரம் குளிரும். தார் ரோடு பகல் சூட்டைக் கொஞ்சம் வைத்திருக்கும். அதன்மேல் கிடக்கும் தாளிடம் அந்தச் சூடு இல்லை. இதனால்தான் ரோடு வெறும் ஈரமாகத் தெரிந்த அன்றைக்குத் தாள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அடுத்து, தாள் ஏன் இவ்வளவு வழுக்குகிறது என்ற கேள்வி. கை கட்டில் இருந்தபோதே தங்கை மகனை அனுப்பி அந்த இடத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் எடுத்துவரச் சொன்னேன். கேழ்வரகுத் தண்டு தட்டையானது, வழவழப்பானது. வண்டிச் சக்கரம் ஏறியதும் நசுங்கி நாடாபோல் ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட நாடாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, நடுவில் தண்ணீர். மேலே கிடக்கும் தாளை டயர் நன்றாகத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தாள் அடியில் உள்ள தாள்மேல் நழுவுகிறது. டயர் புதிதா தேய்ந்ததா என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. என் டயர் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

என் தம்பி பின்லாந்தில், ஓலு என்ற ஊரில் இருக்கிறான். வடதுருவ வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கடலோர ஊர். ஐந்து மாதம் தரை வெள்ளையாகவே கிடக்கும். அங்கே பெரியவர், குழந்தை எல்லோரும் அந்தக் குளிரிலும் சைக்கிளில்தான் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கென்று நடக்கும் உலக மாநாடு முதன்முதலில் 2013ல் கூடியது அந்த ஊரில்தான். விழுந்த செய்தி கேட்டுக் கூப்பிட்டான். எல்லாம் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, "வளைவுல பிரேக் புடிச்சியா அண்ணா?" என்றுதான். ஆமாம் என்றேன். "இங்க முதல் வருஷம் எல்லாரும் அப்படித்தான் விழுவாங்க" என்றான்.

அவன் சொன்னதை வைத்துத்தான் மீதி ஆய்வைச் செய்தேன். அங்கே பயப்பட வேண்டியது குவிந்து கிடக்கும் வெண்பனியைப் பார்த்து அல்லவாம். இறுகிய வெண்பனியில் டயருக்கு ஓரளவு பிடிப்பு இருக்கும். பயப்பட வேண்டியது கருப்புப் பனி. பகலில் உருகிய நீர் இரவில் தார்மேல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். அடியில் தார் தெரிவதால் ரோடு ஈரமாக இருக்கிறது என்றுதான் கண் நினைக்கும். பாலத்தின்மேல் அது முதலில் உறையும், ஏனென்றால் பாலத்துக்கு அடியிலும் குளிர்க்காற்று. கடும் குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, உருகும் நிலைக்குப் பக்கத்தில், மேலே ஈரம் கசியும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும் என்றும் சொன்னான். வழுக்குவது குளிரால் இல்லை, இரண்டு பொருளுக்கு நடுவே எளிதில் நழுவும் ஒரு படலம் இருப்பதால். அதைக் கேட்டபோது என் கட்டிலுக்கு அடியில் கிடந்த தாள்கட்டு நினைவுக்கு வந்தது.

நமக்கு எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்தான். புல்நுனித் துளியும் பனி, கண்ணை மறைக்கும் புகையும் பனி, ஊட்டியில் புல்லை வெளுக்க வைப்பது உறைபனி, ஓலுவில் கொட்டுவதும் பனி. மார்கழியும் தையும் முன்பனிக்காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்று பருவத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் பனிக்காலத்தில் ரோடு வழுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வழுக்கல் என்றால் மழை என்றுதான் மனதில் பதிந்திருந்தது.

இனிக் கணக்கு. பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். காய்ந்த தார் ரோட்டில் ரப்பரின் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பைச் சொல்லும் எண், 0.7, 0.8 அளவில் இருக்கும். ரோடு நனைந்தால் 0.4, 0.5. பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. அந்த வளைவின் ஆரம் ஏறக்குறைய 25 மீட்டர். மணிக்கு 26 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 7.2 மீட்டர். அந்த வேகத்தில் அந்த வளைவில் திரும்புவதற்கு மட்டும் 0.21 அளவு பிடிப்பு தேவை. நனைந்த தாரில் அது இருந்தது. அதனால்தான் தாள் வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பனிக்கட்டிபோல் 0.1 மட்டும் கிடைக்கும் தரையில் திரும்பவே முடியாது. அதற்குமேல் நான் பிரேக்கும் பிடித்தேன். தரை தருகிற பிடிப்பு ஒரு பானைத் தண்ணீர் மாதிரி. திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதிலிருந்துதான் மொண்டாக வேண்டும். திரும்பவே போதாத இடத்தில் நிற்கவும் கேட்டேன்.

பின்சக்கரம் நழுவினால் சைக்கிள் வால் ஆட்டும், காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் நழுவினால் சமநிலையே போய்விடும். நாம் விழாமல் இருப்பதே முன்சக்கரத்தைச் சின்னச் சின்னதாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான். அது வழுக்கியபின் நிமிர்த்த நேரம் கிடையாது.

சரி, பிரேக்கே பிடிக்காமல் விட்டிருந்தால்? அப்போதும் வளைவில் விழுந்திருப்பேன் என்றுதான் கணக்கு சொல்கிறது. அப்படியானால் தாளுக்கு முன்பே நின்றிருக்க முடியுமா? இதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த கேள்வி. தாள் என் கண்ணில் பட்டது ஏறக்குறைய 15 மீட்டர் தூரத்தில். கண் பார்த்து, மனம் புரிந்து, விரல் பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி வைத்துக்கொள்வோம். குளிரில் விறைத்த விரலுக்கு அதுகூடக் குறைவுதான். 26 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை நொடியில் 10.8 மீட்டர் போய்விடுகிறது. ஈர ரோட்டில், நனைந்த ரிம்மில், நிற்பதற்கு இன்னும் 9 மீட்டர் வேண்டும். மொத்தம் 20 மீட்டர். என்னிடம் இருந்தது 15. இதே கணக்கை 18 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் மொத்தம் 12 மீட்டருக்குள் முடிகிறது. தாளுக்கு மூன்று மீட்டர் முன்பே நின்றிருப்பேன். காட்டு ஓரத்தில் நான் போன அதே வேகத்தில் வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ரிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. என் சைக்கிளில் இருப்பது ரிம்மைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டை பிரேக். மூடுபனியில் அரை மணி நேரம் ஓட்டினாலே ரிம் முழுக்க நீர்த்துளி ஒட்டிவிடும். பிடித்ததும் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குக் கட்டை அந்த நீரைத் துடைக்கும் வேலையைத்தான் செய்யும், அப்புறம்தான் பிடிக்கும். இப்போது பனிக்காலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்கிறேன். டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தண்ணீர்ப் படலத்தில் டயர் மிதந்து போயிருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கார் டயருக்கு அது நடக்கும். ஒடுக்கமான, காற்று இறுக அடித்த சைக்கிள் டயருக்கு அப்படி மிதக்க 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும், அதனால் அந்தக் காரணத்தை விட்டுவிடலாம்.

மாசியில் கட்டு அவிழ்த்த பிறகு, தங்கை மகனோடு அதே ரோட்டுக்குப் போனேன். வளைவில் இல்லை, அதைத் தாண்டி நேரான இடத்தில். சைக்கிளை அவன் ஓட்டினான், நான் அளந்தேன். 15 கிலோமீட்டர் வேகம், பின் பிரேக் மட்டும். காய்ந்த ரோட்டில் நான்கு எட்டில் நின்றான். விடியற்காலை ஈர ரோட்டில் ஆறு எட்டு. நனைத்துப் பரப்பிய தாளில் பதினொன்று, அதுவும் பின்சக்கரம் பாம்புபோல் நெளிந்தபடி. மூன்று முறை செய்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. முன் பிரேக்கைத் தாளில் சோதிக்க நான் விடவில்லை.

தம்பியிடம் ஓலுவில் என்ன செய்கிறீர்கள் என்று விரிவாகக் கேட்டேன். டயரில் நூற்றுக்கணக்கான சின்ன ஆணிகள் பதித்திருக்குமாம், டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்தது. பனிக்கட்டியை அது கீறிப் பிடிக்கும். நமக்கு அது உதவாது. வெறும் தாரில் இரைச்சலும் இழுவையும்தான் மிஞ்சும். காற்றைக் கொஞ்சம் குறைப்பார்கள், டயர் தரையில் அகலமாகப் படியும். இதை நான் எடுத்துக்கொண்டேன். சீட்டைச் சற்று இறக்கிவைப்பார்கள், கால் சட்டென்று தரையைத் தொடும். இதையும் எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து கிளம்பியதும் நேரான இடத்தில் ஒருமுறை பின் பிரேக்கைப் பிடித்து, இன்றைக்குத் தரை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார்களாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. "வழுக்குற இடத்துக்குள்ள போனப்புறம் ஒண்ணுமே செய்யாத அண்ணா. பிரேக் வேண்டாம், திருப்ப வேண்டாம், பெடலை மிதிச்சா மெதுவா மிதி. செய்ய வேண்டியதெல்லாம் அதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிரு." வேகத்தைக் குறைப்பது, சைக்கிளை நிமிர்த்துவது, எந்த வழியாகப் போவது என்று முடிவெடுப்பது எல்லாம் பிடிப்புள்ள தரையிலேயே முடிந்துவிட வேண்டும். என் விபத்து தாளில் நடக்கவில்லை. அதற்கு முப்பது மீட்டர் முன்னால், ஏரிக்கரையில் பனி அடர்ந்தும் வேகத்தைக் குறைக்காத இடத்தில் நடந்தது. தாளில் நடந்தது அதன் விளைவு.

விளக்கும் ஒரு காரணம். ஹேண்டிலின்மேல், கண்ணுக்கு நேர் கீழே, பிரகாசமான விளக்கு வைத்திருந்தேன். மூடுபனியில் அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்கும். இப்போது விளக்கை முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் அச்சுக்குப் பக்கத்தில் தாழ்த்தி, தரையைப் பார்க்கச் சாய்த்து வைத்திருக்கிறேன். ரோட்டின் மேடுபள்ளமும், கிடப்பதும், நிழலோடு தெரிகிறது. பின்னால் சிவப்பு விளக்கு எப்போதும் எரிகிறது. பனியில் பின்னால் வரும் பால் வண்டிக்கு நான் தெரிய வேண்டும்.

இது தாளோடு முடிவதும் இல்லை. தருமபுரியில் உள்ள நண்பர்கள் ஞாயிறு காலையில் வத்தல்மலை ஏறுகிறார்கள். அங்கே கொண்டை ஊசி வளைவுகளில் மரநிழல் விழும் பக்கம் வெயில் ஏறியும் காயாது, சருகு நனைந்து ஒட்டிக் கிடக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். உதிர்ந்த கொள்ளு இன்னும் மோசம், காய்ந்திருந்தாலும் உருளும். வேகத்தடையில் அடித்த வெள்ளைப் பெயின்ட், ஏரி மதகுக்குப் பக்கத்தில் பாசி, மாட்டுச் சாணம் என்று எல்லாமே பனி நனைத்தால் வேறு தரை.

கட்டு அவிழ்த்த அதே வாரம் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். அவரோ நான் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். உட்கார வைத்து, ராகிக் கூழ் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "களம் இருந்தா ரோட்டுல ஏன் சார் போடறோம். எங்களுக்கு இருக்கிறது ஒரு ஏக்கரா. அதுல களத்துக்கு எடம் விட்டா வெதைக்கிறது எங்க? ராவுல ஆனை, பகல்ல ரோடு. இதுக்கு நடுவுல மணிய வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேக்கணும்." அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குத் தவறாகப் படவில்லை. சிமெண்டுக் களம் உள்ள ஊர்களில் ரோட்டில் தாள் குறைவாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு பொதுக்களம் போட்டுக் கொடுத்தால் விழுகிறவர்களும் குறைவார்கள், ரோட்டுக் கல்லும் மண்ணும் கலக்காத கேழ்வரகும் கிடைக்கும். ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த மனுவில் என் எக்ஸ்ரேயையும், நாங்கள் எட்டு வைத்து அளந்த கணக்கையும் சேர்த்திருக்கிறேன். அக்காவும் இன்னும் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

களம் வரும்வரை என்ன செய்யலாம் என்று அங்கேயே உட்கார்ந்து பேசினோம். வளைவில் போட வேண்டாம், நேரான இடத்தில் போடலாம் என்றேன், உடனே ஒத்துக்கொண்டார்கள். தாளை இரவில் ஓரத்துக்குத் தள்ளிவிடச் சொன்னேன். முடிந்த அன்றைக்குச் செய்கிறோம் என்றார்கள். அறுப்பு நாளில் சாயங்காலம் உடம்பில் என்ன தெம்பு மிஞ்சும் என்பது எனக்கும் புரிகிறது. குவியலைச் சுற்றிப் பாதுகாப்புக்கு வைக்கும் கருங்கல்தான் எனக்குப் பெரிய பயம். பனியில் அது தாளைவிட ஆபத்து. கல்லுக்குப் பதில் மண் நிரப்பிய சாக்கு வைத்து, அதன்மேல் பளிச்சென்று தெரியும் ஒட்டுப்பட்டை ஒட்டலாம் என்றேன். பட்டைச் சுருளை நான் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வருடம் கார்த்திகைக் கடைசியில் மறுபடி அறுப்பு தொடங்கியது. வளைவு காலியாக இருக்கிறது. அதைத் தாண்டி, இரண்டாவது கம்பத்துக்குப் பக்கத்தில் தாள் கிடக்கிறது, நான்கு சாக்குகள் என் விளக்கில் மின்னுகின்றன. ஏரிக்கரை வந்ததும் 12க்கு இறக்கிவிடுகிறேன். தாள் முழு ரோட்டையும் அடைத்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். இருபத்திரண்டு எட்டுதான். அந்தப் பக்கம் போய் ஏறும்போது வயலிலிருந்து அக்கா கேட்பார், "கை எப்படி இருக்குது சார்?" குளிரில் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்குகிறேன்.